அஞ்சிய வேந்தன்: ஓய்மானாட்டு நல்லியக்கோடன்

சங்கச் சான்றோர் பாடிய குறுநில மன்னர் பலர். அவர்கள் எறிந்த களிறுகளும் கொண்ட ஊர்களும் பாடல்தோறும் பேசப்படுகின்றன. அவர்களுள் ஒருவன் பகைவரின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சினான் என்னும் செய்தி உரைவழியாக நின்று நிலவுகிறது. அவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அச்செய்தியால் அவன் புகழ் குன்றியதாகத் தெரியவில்லை. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டுள் ஒன்றாக இன்றளவும் ஓதப்பெறுகிறது. போர் என்பது என்ன, அதில் வேந்தனுக்குரிய கடமை யாது என்று இந்நாட்டுச் சிந்தனையில் தேடுவோர் குருட்சேத்திரத்தையே முதலில் நினைப்பர். மரக்காணத்துக் கடற்கரையை ஆண்ட இச்சிறு வேந்தனிடத்தும் அவ்வினாவுக்கு ஒரு விடை இருக்கிறது. அது கீதையின் விடையோடு சில இடங்களில் பொருந்தியும் சில இடங்களில் விலகியும் செல்வது.

ஓய்மானாடு என்பது இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம், மரக்காணம் பகுதிகளைத் தன்னகத்தே கொண்டிருந்த நாடு. சோழர் கல்வெட்டுகளிலும் ஓய்மாநாடு என அப்பெயர் தொடர்ந்து வழங்கிற்று. நல்லியக்கோடனின் தலைநகர் கிடங்கில். அது இப்போது திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. கிடங்கு என்பது அகழியைக் குறிக்கும் சொல்லாதலின் அது அரண்சூழ்ந்த ஊராக இருந்தது என்பதைப் பெயரே உணர்த்தும். கடற்கரை ஊர் எயிற்பட்டினம். மதிலைக் குறிக்கும் எயில் என்னும் சொல்லால் பெயர்பெற்ற அவ்வூரே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் துணிபு. ஒருபுறம் கடலும் மறுபுறம் கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும் இருக்க, இடையே பாத்தி பாத்தியாக உப்பு விளையும் நிலம் அது. முல்லை நிலத்து வேலூரை உப்புவேலூர் என்றும், மருத நிலத்து ஆமூரைத் திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் என்றும் கூறுவர். பாடல்களில் வரும் மாவிலங்கை என்னும் பெயரைப் பல்லவர் காலக் குடைவரை ஒன்றைக் கொண்ட கீழ்மாவிலங்கை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆக, ஒரு நாள் வண்டிப் பயணத்தில் கடந்துவிடக்கூடிய நாட்டை ஆண்டவன் அவன். மூவேந்தரின் படைக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அவன் வலிமை மிகச் சிறியது. இந்தச் சிறுமையை மறந்துவிட்டு அவன் வாழ்வைப் பொருள்கொள்ள இயலாது.

அவன் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் ஏட்டில் இல்லை. சங்க மன்னர் எவர்க்கும் இல்லை. ஓவியர் என்னும் குடியில் தோன்றியவன் என்பதைச் சிறுபாணாற்றுப்படை கூறும். அதனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழி நாட்டினர். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட அந்நாடு மரக்காணத்துக்கு வடக்கே, இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அதே பெயரோடு இருக்கிறது. அண்டை நாட்டுப் புலவர் ஒருவர் அண்டை நாட்டு மன்னனைப் பாடினார் என்பது கருதத்தக்கது. தொலைவிலிருந்து கேள்விப்பட்டுப் பாடிய பாட்டன்று அது. உப்புக் காற்றையும் தாழையையும் நன்கறிந்தவர் பாடியது. புறத்திணை நன்னாகனாரும் புறநானூற்றில் இவனைப் பாடியுள்ளார். உள்ளூரிலேயே கிடைப்பதால் பாரியின் பறம்புமலைச் சுனைநீரை மதியாது விட்டவர்போலத் தாமும் இவனைக் காணாமல் நாள்களைக் கழித்துவிட்டதாகவும், இனி இவனைக் காணாது போகக்கூடிய நாள்களை எண்ணி நெஞ்சம் இரங்குவதாகவும் அப்பாடலில் அவர் வருந்துகிறார். இவ்விரு புலவர் வாக்கும் ஏட்டுச்சுவடிகளில் நெடுங்காலம் கிடந்தன. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய பின்னரே நல்லியக்கோடன் மீண்டும் தமிழர் நாவில் ஏறினான்.

அவன் வாழ்ந்த காலம் போரால் களைத்த காலம். நத்தத்தனார் வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூன்று தலைநகரங்களையும் வரிசையாக வருணித்து, பாணனுக்கு அவை இனிப் பயன்தரா என்று முடிக்கிறார். பின் கடையெழு வள்ளல்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து, அவ்வெழுவரும் சுமந்த கொடைப்பாரத்தை இவன் ஒருவனே சுமப்பதாகக் கூறுகிறார். புகழ்ச்சி மரபு என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவ்வெழுவருள் சிலர் எவ்வாறு மறைந்தனர் என்பதை எண்ணினால் பாட்டின் தொனி மாறிவிடும். பாரி மூவேந்தர் முற்றுகைக்குப்பின் மாண்டான். ஓரியைக் காரி கொன்றான். காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். அந்த அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். கொடையால் பெயர்பெற்ற ஒருவனைக் கொடையால் பெயர்பெற்ற மற்றொருவனே அழித்த வரலாறு இது. காரியின் கோவலூர் ஓய்மானாட்டுக்கு மேற்கே, தொலைவில்லாத இடம். அடுத்த வீடு எரிந்ததைக் கண்டிருந்த மன்னன் நல்லியக்கோடன்.

இந்நிலையில்தான் வேலூர்க் கதையை வைத்துப் பார்த்தல் வேண்டும். பாட்டில் உள்ளது ஒரு குறிப்பு மட்டுமே: வேலின் முனைபோலப் பூத்த கேணியை உடைய ஊர் என்று நத்தத்தனார் சொல்லிச் சென்றுவிடுகிறார். அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதையைத் தருகிறார். பகை மிகுந்தமை கண்டு நல்லியக்கோடன் அஞ்சினான், முருகனை வழிபட்டான், முருகன் கனவில் தோன்றி, இக்கேணியில் உள்ள பூவைப் பறித்துப் பகைவர்மேல் எறிக என்றான், அப்பூவையே தன் வேலாக ஆக்கித் தந்தான், அதனால் ஊர் வேலூர் ஆயிற்று. உரையாசிரியர் அச்சம் என்னும் சொல்லை மறைக்கவில்லை. அதற்குச் சமாதானமும் தேடவில்லை.

கவிஞர்கள் இக்கதையில் நின்று நோக்க வேண்டிய இடம் அந்தப் பூ. தமிழ்ப் பொருளிலக்கணம் போரைப் பூவாகவே வகுத்தது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மண்கொள்ளப் புறப்படுதல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, மதிலைக் காத்தல் நொச்சி, எதிர்நின்று பொருதல் தும்பை, வெல்லுதல் வாகை. வீரன் எந்த அறத்தின்கீழ்ப் போரிடுகிறான் என்பதை அவன் தலையிற் சூடிய பூ அறிவித்தது. பூச்சூடாமல் செய்யும் கொலை அவ்விலக்கணத்துள் போர் ஆகாது எனலாம். அஞ்சி நின்ற மன்னனுக்கு முருகன் புதிய படைக்கலம் எதையும் வானிலிருந்து இறக்கவில்லை. அவன் ஊர்க் கேணியில் அவன் நாள்தோறும் கண்ட பூவைக் காட்டினான். மதிலால் பெயர்பெற்ற பட்டினத்தை உடையவனுக்கு வாய்த்த போர் பெரும்பாலும் நொச்சியின் பாற்பட்டது. சூழ்ந்து வந்த பகையிடமிருந்து ஊரைக் காப்பது அது.

இவ்விடத்தில் பார்த்தன் நினைவு வருவது இயல்பு. இரு படைக்கும் நடுவே தேரை நிறுத்திய அருச்சுனனும் கலங்கினான். அவன் கையிலிருந்து வில் நழுவிற்று. ஆனால் அவன் தன் உயிருக்கு அஞ்சவில்லை. பாட்டனையும் ஆசானையும் கொல்ல நேர்வதை எண்ணி இரங்கினான். அவனுக்குக் கண்ணன் எழுநூறு சுலோகங்களில் விரியும் உரையாடலில் விடை தந்தான்: ஆன்மா அழியாதது, சத்திரியனுக்கு அறவழிப்பட்ட போர் தன் கடமை, பயனில் பற்று வையாது அதனைச் செய்தல் வேண்டும். நல்லியக்கோடனின் கலக்கம் இவ்வளவு உயர்ந்ததன்று. எண்ணிக்கையில் மிக்க பகைவரைக் கண்ட சிறுபடையின் தலைவனுக்கு வரும் கலக்கம் அது. முருகன் அவனுக்கு மெய்ப்பொருள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் சொன்னான். இரண்டையும் ஒன்றென்று கூறுவது மிகை. எனினும் ஒரு புள்ளியில் இரண்டும் சந்திக்கின்றன. கலங்குதல் இழுக்கென்று இரு தெய்வமும் கலங்கியவனைக் கைவிடவில்லை. கலக்கத்தின் நடுவே அவனவன் காக்க வேண்டியது எது என்பதையே இரண்டும் நினைவூட்டின.

சங்க காலத்து அறமும் வடமொழி நூல்களின் தருமமும் ஒன்றா வேறா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்து வருவது. சிறுபாணாற்றுப்படையைப் பொறுத்தவரை இரண்டையும் வெட்டிப் பிரிக்க முடியாதபடி பாட்டே பின்னிக் கிடக்கிறது. நல்லியக்கோடனின் அரண்மனை வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் மறையோதும் அந்தணர்க்கும் ஒருங்கே திறந்திருந்ததாக நத்தத்தனார் பாடுகிறார். அவன் அட்டில் சாலையைச் சொல்லும்போது பாரத வீரர் இருவரையும் கொண்டுவருகிறார். காண்டவ வனத்தைத் தீக்கு ஊட்டிய அருச்சுனன் ஒருவன். அவன் தமையன் வீமன் மற்றொருவன். மன்னன் படைக்கும் உணவு வீமன் இயற்றிய மடைநூலின் வழி வழுவாது சமைக்கப்பட்டதாம். குருதி தோய்ந்த கதாயுதத்தால் உலகறிந்த வீரனை இப்புலவர் சமையல் நூலாசிரியனாக நினைவுகூர்கிறார். அருச்சுனனையும் குருட்சேத்திரத்தில் நிறுத்தாமல் காண்டவத்தில் நிறுத்துகிறார். அங்கும் அவன் செய்தது பசித்து வந்த அக்கினிக்கு உணவளித்தல். அந்த எரிவனத்திலும் அபயம் என்று கதறிய மயனை அவன் உயிரோடு விட்டான் என்பது பாரதம் கற்றார் அறிந்தது. பாரதப் போரின் பதினெட்டு நாளும் கையிலிருக்க, நத்தத்தனார் தேர்ந்துகொண்டவை இவை. ஓய்மானாட்டில் எந்தப் பாரதம் பொருந்தும் என்று அவர் அறிந்திருந்தார்.

நல்லியக்கோடனின் போர்க்குணத்தை அவர் சொல்லும் முறையும் இவ்வாறே தேர்ந்தெடுத்தது. மன்னனை நால்வகையினர் புகழ்கின்றனர். அறிவுடையோர், வாள்வீரர், மகளிர், பரிசிலர் என ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் நான்கு பண்புகளைச் சொல்கின்றனர். வாள்வீரர் சொல்லும் நான்கைக் காண்போம். அஞ்சி வந்தவர்க்குப் புகலளித்தல் முதலாவது. கடுஞ்சினம் இன்மை இரண்டாவது. பகைவர் அணிக்குள் தானே புகுதல் மூன்றாவது. தன் படை உடைந்து ஓடும்போது முன்சென்று அதனைத் தாங்கி நிறுத்தல் நான்காவது. வாளால் வாழ்பவர் தம் தலைவனிடம் வியந்து பாராட்டும் முதற்குணம் இரக்கம் என்பது எண்ணத்தக்கது. கொன்றவர் தொகையோ கொண்ட நாட்டின் பரப்போ இப்பட்டியலில் இல்லை. அஞ்சினார்க்கு அளித்தலை, தானும் ஒருகால் அஞ்சிய கதையை உடைய மன்னனுக்குப் புலவர் ஏற்றிச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது அச்சம் என்பது அவனுக்குக் கேள்வியறிவாக இருக்கவில்லை என்று தோன்றுகிறது. சினமின்மையோ அரிதினும் அரிது. பயன் கருதாது, காய்தலும் உவத்தலும் இன்றிப் போரிடுக என்று கீதை வகுத்த மனநிலைக்கு மிக அண்மையில் நிற்கும் பண்பு அது. அறிவுரையாக யாரும் அதனை அவனுக்குப் புகட்டவில்லை. உடன் நின்று பொருத வீரர் கண்டு சொன்னார்கள்.

இக்கருத்து அவனொருவனுக்கே உரியதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மக்கட்பேறு இல்லாதவரும் அரண் சேருமாறு முன்னறிவித்த பின்னரே அம்பு தொடுக்கும் அறநெறியைப் பேசுகிறார். பகைவனுக்கும் இடுக்கண் வந்தவழி உதவுதலையே வீரத்தின் கூர்மை என்கிறார் வள்ளுவர். சாந்தி பருவத்தில் வீடுமன் தருமனுக்கு உரைக்கும் அரச தருமத்தின் தலையாய கூறும் குடிகாத்தலே. நல்லியக்கோடன் இந்நெறியைப் புதிதாகக் கண்டவனல்லன். ஒரு சிறிய நாட்டில் அதை நடத்திக்காட்டியவன்.

ஆயினும் அவனைப் போர் மறுத்தவன் போலக் காட்டுவது உண்மைக்கு மாறு. பாட்டின் இறுதிப் பகுதி இதற்கு இடந்தராது. பகைவரை அவர் நிலத்திலிருந்து அகற்றி, மன்னரின் மதில்களை இடித்து, வீரர் கொண்டுவந்து சேர்த்த செல்வமே பாணனுக்குப் பரிசிலாகிறது. மதிலால் பெயர்பெற்ற பட்டினத்துக்குரியவன் பிறர் மதிலை இடித்தான். பாணன் வீட்டுப் பசி தீர்ந்த பொருள், வேறோர் ஊரில் யாரோ இழந்த பொருள். இதனை நத்தத்தனார் மூடி மறைக்காமல் சொல்லியிருக்கிறார்; படிப்போரும் மறைத்தல் தகாது. கடையெழு வள்ளல்களின் கொடைக்கும் பின்னால் இத்தகைய போர்களே இருந்தன. கீதையின் விடை இங்குப் போதவில்லை என்றே கூற வேண்டும். பற்றின்றிக் கொள்ளையிட்டாலும் இழந்தவனுக்கு அது இழப்பே. தமிழ்ப் புலவர் இச்சிக்கலுக்குக் கண்ட வழி வேறு: வென்ற பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளும் உரிமை வேந்தனுக்கு இல்லை. அது அவன் கையில் தங்காமல் கடந்து செல்ல வேண்டும். குறைவான விடைதான், எனினும் பல பேரரசர் அந்த அளவுக்கும் எட்டவில்லை.

பொன்முடியார் புறநானூற்றில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடன்களை வகுத்துரைப்பது யாவரும் அறிந்தது. அப்பாடலில் வேந்தனுக்குரிய கடனில் ஒரு பாடவேறுபாடு உண்டு. ஒரு பாடத்தின்படி அவன் வீரனுக்கு நல்லொழுக்கத்தைத் தர வேண்டும். மற்றொரு பாடத்தின்படி மருதநில ஊரைத் தர வேண்டும். முன்னதே மாணவர் மனத்தில் பதிந்துள்ளது. நல்லியக்கோடனைப் படித்தவர்க்குப் பின்னதே பொருத்தமாகப் படும். போருக்கு அனுப்புகிறவன் சோற்றுக்கு வழி செய்துவிட்டு அனுப்புதல் அவன் கடன்.

சோறு என்னும்போது உப்பும் உடன் வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு வறுமையைக் காட்டும் பகுதியைப் படித்து மறந்தவர் இலர். கண் திறவாத குட்டிகள் பால்பெறாது மொய்க்க, ஈன்ற நாய் குரைக்கும் பாழடைந்த அடுக்களை. பாணன் மனைவி குப்பையிலிருந்து கிள்ளிய கீரையை உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவரோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். உப்பில்லை என்பதைப் புலவர் குறித்துச் சொல்வது வீணன்று. அவர் பாடும் மன்னனின் கடற்கரை உப்பு விளையும் கரை. உமணர் வண்டிகளில் ஏறி நாடெங்கும் செல்வது உப்பு. பாட்டின் முற்பகுதியில் உமணர் பிள்ளைகளோடு மந்தி கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் காட்சியும் உண்டு. பெருகிக் கிடக்கும் ஒரு பொருள் ஒரு வீட்டின் கலத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. மதிலுக்கு வெளியே படையெடுத்து வரும் பகையும் அடைத்த கதவுக்குப் பின்னே இருக்கும் பசியும் வேந்தன் எதிர்கொள்ள வேண்டிய இரண்டு போர்கள் என்பதை நத்தத்தனார் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அந்தப் பாணன் ஓய்மானாட்டுக்குள் நுழைந்ததும் அவனை முதலில் உண்பிப்பவர் எயிற்பட்டினத்துப் பரதவர். அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள்போலக் கிடக்கின்றன. நுளைச்சியர் அவற்றை விறகாக எரித்துக் காய்ச்சிய தேறலோடு குழல்மீன் சூட்டைத் தருகின்றனர். வேலூரில் எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் தருகின்றனர். ஆமூரில் உழவர் மகள் வெண்சோற்றோடு நண்டுக் கலவையைப் படைக்கிறாள். கிடங்கிலை அடையும் முன்பே அவன் பசி தீர்ந்துவிடுகிறது. அரசன் முகத்தையே இன்னும் அவன் கண்டிலன். எந்த அறத்துக்காக எயில் காக்கப்பட்டதோ அந்த அறத்தை மதிலின் உட்புறத்தில் நடத்தியவர் இந்தப் பெண்கள்.

அரண்மனையில் நடப்பதும் அதன் தொடர்ச்சியே. பல மீன்களின் நடுவே நிலவுபோல வீற்றிருக்கும் மன்னனைப் பாணன் அணுகுகிறான். முதியோர்முன் குவியும் கையும், இளைய வீரர்க்கு விரியும் மார்பும், உழவர்க்கு நிழலாகும் செங்கோலும், தேரேறி வரும் பகைவர்க்கு மட்டும் அழலும் வேலும் உடையவனாக அவனைப் பாடுகிறான். வேலுக்கு இங்கு நான்கில் ஓரிடமே. பாடி முடிக்கும்வரை மன்னன் காத்திருப்பதில்லை. மெல்லிய ஆடை உடுத்தி, பொற்கலத்தில் சோறிட்டு, தானே அருகில் நின்று பரிமாறுகிறான். தேரும் எருதும் பாகனும் நிதியும் அன்றே தந்து விடைகொடுக்கிறான்.

அவனுக்குப்பின் ஓய்மானாட்டில் நல்லியாதன், வில்லியாதன் என்னும் இருவரையும் நன்னாகனாரே பாடியுள்ளார். நல்லியாதனைப் பாடிய புறப்பாடலில் கிணைப்பறை கொட்டுவோன் ஒருவன் பேசுகிறான். அவன் சென்றது பொழுது சாய்ந்த வேளை. அன்றிரவே நல்லியாதன் அவனுக்கு வழங்கிவிட்டான். அந்த நாளிலிருந்து இந்த நாள்வரை இன்னொருவர் வாயிலுக்குச் சென்று இரக்க அவன் நினைக்கவே இல்லையாம்.